திருவருகைக் காலம் முதல் குடில் எடுக்கும் நாள் வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியக் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) கூட்டத்திலும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்து உருவானது தர்மபுரி மறைமாவட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களும் அதற்குள் அடங்கும். பி. பள்ளிப்பட்டி, எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் பாட்டியைக் கேட்டால் போதும், எல்லாம் சொல்லிவிடுவார். ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் இளம் தம்பதிக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை. முக்கியமாக அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் நன்றாகவே நடக்கிறது. அதற்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்பான திருவருகைக் காலம்தான் கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

திருவருகைக் காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? வருடா வருடம் மாறுகிறதே?

டிசம்பர் 25-க்கு முன்னால் நான்கு ஞாயிறு எண்ணுங்கள். நான்காவதாக எண்ணும் ஞாயிறுதான் தொடக்கம். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக நெருங்கிய ஞாயிறு என்று பெரியவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள், அதுவும் சரிதான். நவம்பர் 27-க்கு முன்னால் வராது, டிசம்பர் 3-ஐத் தாண்டாது. 2026-ல் நவம்பர் 29, 2027-ல் நவம்பர் 28, 2028-ல் டிசம்பர் 3. திருச்சபைக்குப் புது வருடம் பிறப்பதும் அன்றுதான்.

2028-ஐ இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-லேயே வருகிறது. ஞாயிறு பூசை ஒரு கடன் (கட்டாயக் கடமை), கிறிஸ்து பிறப்புப் பூசை இன்னொரு கடன். ஒரே பூசையில் இரண்டையும் முடித்துக்கொள்ள முடியாது.

தவக்காலம் மாதிரி ஒருசந்தி (நோன்பு), சுத்தபோசனம் (கறி விலக்குதல்) உண்டா?

திருவருகைக் காலத்துக்கென்று கட்டாய ஒருசந்தி எதுவும் கிடையாது. சாமியார் ஊதா உடை போடுகிறார், ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை, பீடத்தில் பூ குறைவாக இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துத் தவக்காலம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அல்லேலூயா நிற்பதில்லையே, அதைக் கவனித்தீர்களா? தவக்காலத்தில் அது கிடையாது. இது துக்கம் கலந்த காலம் அல்ல, ஆசையோடு அடங்கியிருக்கும் காலம். மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிற உடை போடலாம். மகிழ்ச்சி ஞாயிறு என்பது அதுதான்.

விருப்பப்பட்டு ஏதாவது விட்டுவைப்பது நல்லது. வெள்ளிக்கிழமை கறி எடுக்காத வீடுகள் உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் செல்போனை ஓரமாக வைப்பதுதான் இன்றைக்குப் பெரிய ஒருசந்தி என்பேன்.

டிசம்பர் தொடங்கியும் பூசையில் உலக முடிவைப் பற்றியே வாசிக்கிறார்களே, பாலன் இயேசுவைக் காணோமே?

டிசம்பர் 16 வரை வாசகங்கள் ஆண்டவருடைய இரண்டாம் வருகையையும் திருமுழுக்கு யோவானையும் பற்றியே இருக்கும். 17 முதல் 24 வரைதான் மாதா, சூசையப்பர், எலிசபெத்து, செக்கரியா ஆகியோரின் கதைகள் வரும். இடையில் டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள், டிசம்பர் 8 அமல உற்பவ மாதா பெருவிழா. வாரநாள் பூசைக்குப் போக முடியாதவர்கள் 17-ம் தேதியிலிருந்தாவது அன்றன்றைய நற்செய்தியை வீட்டில் வாசியுங்கள். ஒரு வாரத்தில் முழுக் கதையும் பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

நான்கு மெழுகுதிரி வளையம் வீட்டில் வைக்கலாமா? இங்கே கிடைப்பதை வைத்து எப்படிச் செய்வது?

தாராளமாக வைக்கலாம். இது நம் ஊர் வழக்கம் இல்லை, கத்தோலிக்கர் தொடங்கியதும் இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளின் இல்லம் ஒன்றை நடத்திய யோகான் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர் 1839-ல் வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுதிரிகளை வைத்து நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தார். வாரநாளுக்குச் சின்னத் திரி, ஞாயிற்றுக்குப் பெரிய திரி. கத்தோலிக்க ஆலயங்களுக்குள் அது 1920-களில்தான் வந்தது. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதுதான் அதற்குக் காரணமாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள்.

எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று எடுத்து மணல் பரப்புங்கள். நான்கு திரிகளை ஊன்றுங்கள்: மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஊதாத் திரி எல்லாக் கடையிலும் கிடைக்காது. வெள்ளைத் திரியின் அடியில் ஊதா ரிப்பன் சுற்றினாலும் சரிதான். சுற்றிலும் சவுக்குக் கிளை வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாவிலைக்கா பஞ்சம், அதையும் வைக்கலாம். ஆனால் நாலைந்து நாளில் காய்ந்துவிடும், சனிக்கிழமைதோறும் மாற்ற வேண்டும். காய்ந்த இலைக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். செபம் முடிந்ததும் திரியை அணைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு திரி கூடிக்கொண்டே போகும்; முதல் வாரத் திரி நான்கு வாரமும் எரிய வேண்டும் என்பதால் அது மற்றவற்றைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் வாரமே மறந்துபோகும். தினமும் பத்து நிமிடம் போதும். டியூப் லைட்டை அணையுங்கள். முதல் வாரம் வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை திரி ஏற்றட்டும், கடைசி வாரம் தாத்தாவோ பாட்டியோ ஏற்றட்டும். பழைய ஏற்பாட்டின் எசாயா நூலில் 9, 11, 40 ஆகிய அதிகாரங்களிலிருந்து நாலு வரி வாசித்து, மூவேளைச் செபம் சொல்லி, ஒரு பாட்டுப் பாடினால் முடிந்தது. அப்பாவுக்கு இரவு ஷிப்ட் என்றால் அவர் வீடு திரும்பும் காலையில் வையுங்கள். நேரம் எதுவானாலும் பரவாயில்லை, எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

திருவருகைக் காலத்தில் கல்யாணம் வைக்கலாமா?

திருச்சபைச் சட்டம் இன்று தடுக்கவில்லை. 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் திருவருகைக் காலத்தில் ஆடம்பரமான திருமண ஆசீருக்குத் தடை இருந்தது. பெரியவர்கள் ‘கூடாது’ என்பது அந்த நினைவில்தான். இப்போது, காலத்துக்கு ஏற்ற அடக்கத்தோடு நடத்தும்படி குருக்கள் கேட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமையில் திருமணத் திருப்பலிக்குரிய செபங்களை எடுக்க முடியாது, அந்த ஞாயிற்றின் திருப்பலிதான். பங்குக்குப் பங்கு நடைமுறை வேறுபடும் என்பதால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பங்குத்தந்தையைப் பார்த்துவிடுங்கள். இங்கே பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்களும் மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது.

குடில் எப்போது போட வேண்டும்? நவம்பரிலேயே கடையில் செட் வந்துவிடுகிறதே?

செட் வாங்குவதும் குடில் போடுவதும் வேறு வேறு. குடிலை நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவில் ஏற்பாடு செய்த குடிலில் சுரூபங்களே கிடையாது. தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தத் தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1-ல் அதே கிரேச்சோவுக்குப் போய், குடில் வைக்கும் வழக்கத்தை வீடுகளில் விட்டுவிடாதீர்கள் என்று ஒரு திருமடலே எழுதிக் கையெழுத்திட்டார்.

நம் பக்கத்தில் குடிலுக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மானாவாரிக் கேழ்வரகு அறுவடை முடிகிற சமயம் இது. தாளும் வைக்கோலும் கேட்டால் கொடுப்பார்கள். மலைக்குத் தனியாக அட்டை வாங்க வேண்டாம். இந்த ஊரில் கல்லுக்குக் குறைவு உண்டா? பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ஆளுக்கு இரண்டு கல் எடுத்து வந்தால் ஒரு வாரத்தில் பெத்லகேம் குன்று தயார். கூரைக்குச் சோளத்தட்டு போதும்.

பயிர் முளைக்க வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேங்காய்ச் சிரட்டையிலோ பழைய தட்டிலோ மண் போட்டு, இரவு முழுக்க ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவி, ஈரத்துணி மூடி வையுங்கள். முளை தலைகாட்டியதும் துணியை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வைத்து, கையால் தண்ணீர் தெளியுங்கள். ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். டிசம்பர் குளிரில் முளை கொஞ்சம் தாமதமாகும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் தாமதமாகும். அதனால் 12, 13-ம் தேதி வாக்கில் போட்டுவிடுங்கள், 24-க்குள் விரல் உயரப் பச்சை நிற்கும். 13 புனித லூசியா திருநாள். ஹங்கேரி, குரோவேஷியா நாட்டுக் கத்தோலிக்கர் அன்றுதான் கோதுமை முளைக்கப் போடுகிறார்கள் என்று அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். அங்கே கோதுமை, இங்கே கேழ்வரகு. சீக்கிரம் வேண்டுமென்றால் வெந்தயமோ கடுகோ போடலாம்.

முதலில் தொழுவம் மட்டும். அப்புறம் மாடு, கழுதை, இடையர்கள். மூன்று ராஜாக்களை வீட்டின் இன்னொரு மூலையில் வைத்து நாளுக்கு ஒரு அடி நகர்த்தினால், அவர்கள் வந்து சேரத் திருக்காட்சி நாள் (ராஜாக்கள் பாலனைக் கண்டு வணங்கிய திருநாள்) ஆகும். பிள்ளைகள் இதை ஒருநாள்கூட மறக்க மாட்டார்கள்; நாம் மறந்தாலும் நினைவுபடுத்துவார்கள்.

மாடும் கழுதையும் நற்செய்தியில் எங்கே வருகின்றன?

எங்கேயும் வரவில்லை. எசாயா 1:3-ல் காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவன் தீவனம் போடும் இடத்தை அறியும் என்று வருகிறது. அங்கிருந்துதான் குடிலுக்குள் வந்தன.

பாலன் இயேசு சுரூபத்தை எப்போது வைக்க வேண்டும்?

24-ம் தேதி இரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும். அதுவரை தொட்டில் காலியாகவே இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முதல் நாளே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டால் பிள்ளைக்கு எதிர்பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? பாலன் சுரூபத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் காலித் தொட்டிலில் ஒரு வைக்கோல் போடலாம்: தங்கைக்கு விட்டுக்கொடுத்தது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, பேசாமல் இருந்த சித்தப்பாவுக்கு அப்பா போன் போட்டது. பெரியவர்களும் போட வேண்டும்.

உரோமையில் திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாலன் சுரூபத்தைக் கொண்டு வருவார்கள், திருத்தந்தை அவற்றை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அதே ஞாயிறு உங்கள் பங்கிலும் செய்யலாமா என்று ஃபாதரிடம் கேட்டுப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

இரவு வீடு திரும்பியதும் தூங்கிவிழும் பிள்ளையை எழுப்பி, அதன் கையால் வைக்கச் செய்யுங்கள். ஒரு பாட்டு, ஒரு கர்த்தர் கற்பித்த செபம். எல்லோரும் சுரூபத்தை முத்தி செய்த (முத்தமிட்ட) பிறகு கேக் வெட்டலாம்.

ஸ்டார் எப்போது கட்டலாம்? வாடகை வீட்டுக்காரர் கிறிஸ்தவர் இல்லை, என்ன சொல்வாரோ?

டிசம்பர் 1 என்பது நம் பக்கத்து வழக்கம். திருவருகைக் காலம் தொடங்கியதும் கட்டினாலும் தப்பில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டுங்கள், கரண்ட் பில்லைப் பற்றியும் பேசிவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னவர்களை நான் அதிகம் கண்டதில்லை. காகித ஸ்டாருக்குள் சூடாகும் பழைய குண்டு பல்பு வேண்டாம், எல்.இ.டி. போடுங்கள்.

கேரல்ஸ் வரும்போது வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்? எவ்வளவு காணிக்கை கொடுப்பது?

உங்கள் அன்பியம் எந்த நாளில் என்று பங்கு அறிவிப்பில் சொல்லிவிடுவார்கள். வாசலைப் பெருக்கி, ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு திரி ஏற்றி வைத்தால் போதும். பாலன் சுரூபத்தைத் தாங்கி வருபவரை முதலில் உள்ளே அழையுங்கள், கிறிஸ்துமஸ் தாத்தா பின்னால் வரட்டும். அந்தத் தாத்தாவின் மூலவர் மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாஸ், திருநாள் டிசம்பர் 6. யாருக்கும் தெரியாமல் ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று பெயர் பெற்றவர். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் மிட்டாய்க்குப் பின்னால் ஒரு புனிதர் இருப்பது தெரியும்.

காணிக்கைக்கு அளவு கிடையாது. இருப்பதைக் கொடுங்கள். கையில் இல்லாத மாதம் என்றால் சுக்குக் காபி கொடுங்கள். இந்தப் பனியில் பத்து வீடு பாடி வரும் பிள்ளைகளுக்கு அதைவிட வேண்டியது வேறில்லை. பெயரோடு தொகையை மைக்கில் வாசிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று பங்குப் பேரவையில் கேட்பது நம் கடமை. கொடுக்க முடியாதவர் அன்று கதவைச் சாத்திக்கொள்வார்.

இளையோருக்கு ஒரு வார்த்தை. ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று இரண்டு பாட்டுப் பழகி வையுங்கள். தன் மொழியில் பாட்டுக் கேட்ட பாட்டியின் முகத்தைப் பார்த்தால் அந்த உழைப்பின் பலன் தெரியும். படுக்கையில் இருக்கும் நோயாளி வீட்டில் டிரம் வேண்டாம். கட்டிலருகே நின்று மெதுவாக ஒரு பாட்டு. தனியாக இருக்கும் முதியவர் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் உட்கார்ந்து பேச நேரம் வேண்டும்.

வீட்டில் இந்த வருடம் சாவு நடந்துவிட்டது. கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா?

இந்தக் கேள்வியை யாரும் சபையில் கேட்பதில்லை, பூசை முடிந்து தனியாக வந்து கேட்பார்கள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை, பலகாரச் சட்டி வைப்பதில்லை, ஸ்டார் கட்டுவதில்லை என்பது நம் சனங்களிடம் உள்ள பழைய வழக்கம். திருச்சபை அப்படி எதையும் விதிக்கவில்லை. ஆனால் விதி இல்லை என்று சொல்லி, துக்கத்தில் இருக்கும் அம்மாவைக் கொண்டாடச் சொல்வதும் அன்பாகாது.

பலகாரம் செய்ய மனம் இல்லையென்றால் செய்ய வேண்டாம். புதுத்துணியும் வேண்டாம் என்றால் சரி. ஆனால் குடில் போடுங்கள், சின்னதாகவாவது போடுங்கள். பூசைக்கு வாருங்கள். பிறந்த குழந்தைக்கு முன்னால் அழக்கூடாது என்று யார் சொன்னது? இறந்தவருக்காக அந்த வாரத்தில் ஒரு பூசைக் கருத்துக் கொடுங்கள். 24-ம் தேதி சாயங்காலம் கல்லறைக்குப் போய்த் திரி ஏற்றிவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு, அதுவும் நல்ல வழக்கம். சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காக ஸ்டார் கட்டலாம். தாத்தா போன வருடம் வீடு இருட்டாக இருந்தது என்பதை அவர்கள் நெடுநாள் மறக்க மாட்டார்கள்.

அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியதுதான் முக்கியம். துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று தெரியும் அல்லவா, முதல் தட்டு அங்கே போகட்டும். கேரல்ஸ் அந்த வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. முன்கூட்டியே கேட்டுவிட்டு, ஆட்டம் பாட்டம் இல்லாமல் உள்ளே போய் செபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொல்லிவிட்டு வரலாம்.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய 24-ம் தேதி போகலாமா?

போகலாம், வரிசையில் நிற்க வேண்டிவரும். பங்கில் வெளியிலிருந்து குருக்களை வரவழைத்து ஒப்புரவு வழிபாடு வைக்கும் நாளில் போய்விடுங்கள். அறிமுகமில்லாத குருவிடம் சொல்வது பலருக்கு எளிதாகவும் இருக்கும். அருகில் இருப்பவர்கள் தர்மபுரி திரு இருதயப் பேராலயத்திலோ கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலத்திலோ நேரம் விசாரித்துப் போகலாம்.

நள்ளிரவுப் பூசையில் என்னென்ன நடக்கும்? கைக்குழந்தையோடு போக முடியுமா?

பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. பூசைப் புத்தகத்தில் அது ‘இரவுத் திருப்பலி’தான், அதனால் சில பங்குகளில் முன்னதாகவே வைக்கிறார்கள். தொடக்கத்தில் கிறிஸ்து பிறப்பு அறிவிப்பைப் பாடுவார்கள். உலகப் படைப்பிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, 194-வது ஒலிம்பியாடு, உரோமை நகர் உருவான 752-ம் ஆண்டு, அகுஸ்துவின் ஆட்சியில் 42-ம் ஆண்டு என்று அந்த இரவுக்கு வந்து நிற்கும் அறிவிப்பு அது. நான்கு ஞாயிறாகக் கேட்காத ‘உன்னதங்களிலே’ தொடங்கியதும் மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். திரை விலகும் பங்குகளில் திரை விலகும், சாமியார் பாலன் சுரூபத்தைக் குடிலுக்கு எடுத்துப்போவார். பீடச்சிறுவர்களுக்கு வருடத்திலேயே பெரிய நிமிடம் இதுதான், கை வலிக்க அடிப்பார்கள். விசுவாச அறிக்கையில் ‘மனிதர் ஆனார்’ என்னும் இடத்தில் அன்று தலை வணங்குவதோடு நிற்காமல் முழந்தாளிட வேண்டும். பாதிப் பேர் நின்றுகொண்டே இருப்போம், முன்பே சொல்லி வையுங்கள்.

கைக்குழந்தையோடு பனியில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 24 மாலைத் திருவிழிப்புப் பூசை, இரவு, விடியல், பகல் என்று நான்கு வகை உண்டு, எதில் கலந்துகொண்டாலும் கடன் நிறைவேறும். வருவதாக இருந்தால் குல்லா, ஸ்வெட்டர், ஒரு கம்பளி. அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது. அன்பியத்தில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வண்டி பேசிக்கொள்ளுங்கள், வயதானவர்களையும் ஏற்றிக்கொள்ளலாம்.

இரவில் நன்மை (நற்கருணை) வாங்கினேன். காலைப் பூசையிலும் வாங்கலாமா?

வாங்கலாம். ஒரே நாளில் இரண்டாம் முறை வாங்க, முழுப் பூசையிலும் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மூன்றாம் முறை கிடையாது. நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் விலக்கு. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஒரு மணி நேரக் கணக்கு இல்லை. கேரல்ஸ் முடிந்ததும் கோவில் வாசலில் கேக் கொடுக்கும் இளையோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், கேக்கைப் பூசைக்கு அப்புறம் கொடுத்தால் என்ன?

கிறிஸ்துமஸுக்கு இங்கே என்ன பலகாரம்?

அதிரசம், முறுக்கு, கச்சாயம், ஓசூர்ப் பக்கம் நிப்பட்டும் ஒப்பட்டும். இப்போது கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் எல்லாம் சேர்ந்துவிட்டன. மதியம் பிரியாணி.

அதிரசத்துக்குப் பச்சரிசி ஊறி, நிழலில் உலர்ந்து, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டும் பதத்தில் இடிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் அதிரசம் கல்லாகும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் விரலில் மெத்தென்று உருண்டால் இறக்கிவிடலாம். மாவு இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் ருசி கூடும், அதனால் 20, 21-ம் தேதியிலேயே கிளறி வைப்பார்கள். கடையில் வாங்கினால் குற்றமில்லை. ஆனால் அத்தையும் நாத்தனாரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்காரும் சாயங்காலம் கடையில் கிடைக்காது, அதற்காகவாவது ஒரு பலகாரத்தை வீட்டில் செய்யுங்கள்.

கணவர் வீட்டார் இந்துக்கள். மார்கழிக் கோலத்தில் குடில் வரையலாமா? அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

வரையலாம். வாசலில் ஸ்டாரும் மணியும் போட்டு நம் வீடுகளில் வரைவதுதானே. மாமியாருக்குப் புள்ளி வைப்பதில் கை நேர்த்தி இருந்தால் அவரையே தொடங்கச் சொல்லுங்கள். குடிலுக்குக் கேழ்வரகு போடும் வேலையை மாமனாரிடம் கொடுங்கள், முளைப்பாரி போட்ட கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூசைக்கு அழையுங்கள். நன்மை வாங்கும் வரிசையில் அவர்கள் வரக்கூடாது என்பதைப் பக்குவமாக முன்பே சொல்லிவிட்டால் அங்கே சங்கடம் வராது. முடிவில் பாலன் சுரூபத்தை முத்தி செய்ய எல்லோரும் வரலாம்.

25-ம் தேதி வேலை. பெற்றோர் ஊரில், நாங்கள் பெங்களூரில். என்ன செய்வது?

24 மாலைப் பூசைக்குப் போய்விடுங்கள். பாலனைத் தொட்டிலில் வைக்கும் நேரத்தை மட்டும் பேசி வைத்துக்கொண்டு வீடியோ காலில் இரண்டு வீட்டிலும் ஒன்றாக வையுங்கள். திருக்காட்சி ஞாயிறு வரை எப்போது ஊருக்குப் போனாலும் கிறிஸ்துமஸ் காலம்தான். அம்மா ஒரு டப்பா அதிரசம் எடுத்து வைத்திருப்பார்.

26-ம் தேதியே குடிலை எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நான்கு வாரம் காத்திருந்துவிட்டு ஒரே நாளில் முடிப்பதா? 26 புனித ஸ்தேவான், 28 மாசில்லாக் குழந்தைகள், இடையில் வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா, 31 இரவு நன்றி வழிபாடு, ஜனவரி 1 இறைவனின் தாய் மரியா பெருவிழா. திருக்காட்சிப் பெருவிழா இந்தியாவில் ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறு. அன்று ராஜாக்களைத் தொட்டிலுக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்துங்கள். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு காலம் முடிகிறது, குடிலை அதன் பிறகு எடுக்கலாம். மாசில்லாக் குழந்தைகள் நாளன்று வீட்டுப் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் கொடுங்கள், பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. வைக்கோலும் முளைத்த கேழ்வரகும் மாட்டுக்குப் போகட்டும், குப்பையில் போட வேண்டாம்.

சுரூபம் உடைந்துவிட்டது. தூக்கிப் போடலாமா?

மந்திரித்த சுரூபம் என்றால் குப்பையில் போடக்கூடாது. காலடி படாத இடமாகப் பார்த்து மண்ணில் புதைத்துவிடுங்கள். காது போன மாடு, கை போன இடையர் என்றால் ஒட்டி வைத்து அடுத்த வருடமும் வைக்கலாம். புதிதாக வாங்கும் சுரூபத்தைத் திருவருகைக் காலத் தொடக்கத்திலேயே கோவிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்துக்கொள்ளுங்கள். 24-ம் தேதி ஃபாதருக்கு அதற்கு நேரம் இருக்காது.